கரையில் உட்கார யாருக்கு அனுமதி? மகாத் குளம் முதல் கூவம் வரை

போன ஆண்டு ஒரு கல்லூரி விடுதியில் மாணவிகளுக்கான மனநலப் பயிற்சி நாளுக்கு நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். தேர்வு பயம், தூக்கமின்மை, ஊர் நினைப்பு என்று அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது. பயிற்சியை நடத்த வந்தவர் விளக்கை அணைக்கச் சொன்னார். "கண்ண மூடுங்க. ஒரு ஏரிக்கரையில உட்கார்ந்திருக்கீங்க. காத்து வருது. அலை மெதுவா வந்து கரையத் தொடுது. மூச்ச மெதுவா உள்ள இழுங்க." அறை அமைதியானது. முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தாள்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டோம். "ஏரின்னு சொன்னதும் எங்க ஊர் ஏரிதான் வந்துச்சுக்கா. படிக்கட்டு இருக்கிற பக்கம் ஊர்க்காரங்களுது. நாங்க கலங்கல் பக்கமாதான் போவோம், அங்க ஒரே முள்ளு. எந்தப் பக்கம் உட்காரணும்னு யோசிச்சேன். அப்புறம் கண்ணு மூட முடியல."

பயிற்சி நடத்தியவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உலகம் முழுக்கச் சொல்லப்படும் பயிற்சிதான். ஆனால் அந்தப் பெண்ணின் பதில் எங்களை விடவில்லை. தண்ணீர் மனதை ஆற்றும் என்கிறார்கள். யார் மனதை? எந்தக் கரையில் உட்கார்ந்தால்? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசுகிறோம்.

முதலில் அறிவியல் சொல்வதைப் பார்த்துவிடுவோம். இயற்கைக் காட்சிக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டுமே பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடும் வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று அவர் கண்டார். பிறகு 'பசுமை வெளி' என்ற சொல் பரவியது. அதன் பக்கத்தில் 'நீல வெளி' என்ற சொல்லும் வந்தது: கடல், ஆறு, ஏரி, குளம் என்று தண்ணீர் உள்ள இடமெல்லாம் அதற்குள் அடங்கும். 2011இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் ஃபோல்கரும் கிஸ்டெமானும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். 2012இல் இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில், கடலுக்கு அருகில் வசிப்பவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வறிய பகுதிகளில் இந்த நன்மை இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அதாவது வாழ்க்கை யாரை அதிகமாக நசுக்குகிறதோ அவர்களுக்குத்தான் தண்ணீர்க்கரை அதிகமாக உதவுகிறது.

காரணங்களும் புரியாதவை அல்ல. தண்ணீர் இருக்குமிடத்தில் வெக்கை குறைகிறது. மனிதர்கள் நடக்கிறார்கள், நீந்துகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரே வேலையில் குத்திட்டு நின்று களைத்த கவனம், அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரமமில்லாமல் இளைப்பாறுகிறது. உடம்பின் பதற்றம் இறங்குகிறது.

ஆனால் இவையெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. கரையில் உட்கார்ந்திருப்பவர் பயப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது பார்க்கிறார்களா, எழுந்து போகச் சொல்வார்களா, பாத்திரம் படிக்கட்டில் பட்டுவிட்டதா என்று முதுகில் கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த ஏரியும் மனதை ஆற்றாது. இந்த ஆய்வுகள் தூரத்தை அளந்தன. வீட்டிலிருந்து தண்ணீர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டன. நம் ஊரில் சேரிக்கும் ஏரிக்கும் இடையே பல இடங்களில் பத்தடி தூரம்கூட இல்லை. மீட்டரால் அளக்க முடியாத தூரம் அது.

அந்தத் தூரத்தை அண்ணல் அம்பேத்கர் ஒன்பது வயதிலேயே அளந்துவிட்டார். தன் வாழ்க்கை நினைவுகளை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலை அவர் ஒரு தண்ணீர்க் கதையோடுதான் தொடங்குகிறார். 1901இல் அப்பாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள். ரயில் நிலையத்தில் இறங்கி, சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்து, இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர் இல்லை. மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த குட்டையைக் காட்டுகிறார்கள். சுங்கச் சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசியோடு தூங்கிப்போன இரவு அது. பள்ளிக்கூடத்தில் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, மகாத் எங்கிருந்து வந்தது என்று நமக்குப் புரிகிறது.

மகாத், கொங்கணத்தில் உள்ள ஒரு சிறு நகரம். அங்கே சவுதார் குளம். சவுதார் என்றால் மராத்தியில் சுவையானது என்று பொருள். நகரின் நடுவில் விரிந்து கிடக்கும் அந்தக் குளத்தில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்துவர்கள் எல்லாரும் தண்ணீர் எடுத்தார்கள். ஆடு மாடுகள் குடித்தன. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் இறங்க முடியாது. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் நடக்கும் குளம், கிணறு, சத்திரம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கச் சொன்னது. 1924இல் மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது. கரையில் ஒருவரும் இறங்கவில்லை.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்டோர் மாநாடு மகாத்தில் கூடியது. ஆர்.பி. மோரே போன்ற இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்து திரட்டிய கூட்டம். குளம் கண்ணெதிரே இருக்க, மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்கச் சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். அந்தக் காலத்து 40 ரூபாய்! இரண்டாம் நாள் கூட்டம் வரிசையாகக் கிளம்பியது. கடைத்தெரு வழியாக நடந்து குளத்தை அடைந்தது. அம்பேத்கர் படியிறங்கிக் கைகளால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தார்கள்.

அந்தக் காட்சியை நாம் எப்போதும் உரிமைப் போராட்டமாக மட்டுமே பார்க்கிறோம். அது உரிமைப் போராட்டம்தான். டிசம்பரில் மறுபடி கூடிய மாநாட்டில் அம்பேத்கரே சொன்னார்: இந்தத் தண்ணீரைக் குடிக்காததால் நாம் செத்துப்போய்விடவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே குளத்துக்குப் போகிறோம் என்ற பொருளில். அந்தக் கூட்டத்தை அவர் 1789இன் பிரெஞ்சுத் தேசிய சபையோடு ஒப்பிட்டார். ஆனாலும் அன்று அந்தப் படிக்கட்டில் இறங்கிய உடம்புகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத்துக் கொங்கண வெயில். தலைமுறை தலைமுறையாகத் தூரத்திலிருந்து பார்த்த தண்ணீர். முதல் முறையாகக் கால் அதில் படுகிறது. அந்தக் குளிர்ச்சியை எந்த ஆய்வு அளக்கும்?

அது அதிக நேரம் நீடிக்கவும் இல்லை. வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, கட்டு அவிழ்த்துச் சாப்பிட உட்கார்ந்தவர்களைத் தடிகளோடு தாக்கினார்கள். சாப்பாட்டை மண்ணில் கொட்டினார்கள். பலர் முஸ்லிம் வீடுகளில் அடைக்கலம் தேடினார்கள். அடுத்து, தீட்டுப்பட்ட குளத்தை 108 குடம் சாணம், கோமியம், பால், தயிர் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கும் தண்ணீரில் சாணியைக் கரைத்தால் சுத்தம், ஒரு மனிதனின் கை பட்டால் அசுத்தம். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் குளத்தில் இறங்கத் திட்டமிட்டபோது, குளம் சாதி இந்துக்களின் தனிச்சொத்து என்று வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். டிசம்பர் 25 அன்று மனுநூல் எரிந்தது. வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம், தீண்டப்படாதவர்களை விலக்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 1934இல், இன்னொன்று நடந்தது. நாங்கள் இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி சொல்வது இதைத்தான். அம்பேத்கரும் தோழர்களும் சுமார் முப்பது பேர் எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போகிறார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் கல் பாவிய தரையோடு ஒரு சிறு குளம், விளிம்பு வரை தண்ணீர். புழுதி படிந்த முகத்தையும் கை காலையும் கழுவிக்கொண்டு கோட்டைக்குள் போனார்கள். யார்தான் கழுவமாட்டார்கள்? சற்று நேரத்தில் வெண்தாடி வைத்த ஒரு பெரியவர் கத்திக்கொண்டே ஓடி வருகிறார்: குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள்! அது ரம்ஜான் மாதம். கூட்டம் சேர்ந்து மிரட்டுகிறது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆயுதம் ஏந்திய ஒரு காவலாளியைக் கூடவே அனுப்பினார்கள். உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாது என்று கண்காணிப்பது அவன் வேலை. வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர், வெளிநாட்டில் முனைவர் பட்டங்கள் வாங்கியவர், ஒரு விடுமுறை நாளில் தண்ணீர் பார்த்த மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலை இது. மகாத்தில் அடைக்கலம் கொடுத்ததும் முஸ்லிம் வீடுகள், இங்கே விரட்டியதும் முஸ்லிம்கள் என்பதை அப்படியே பதிவு செய்வதுதான் நேர்மை. அம்பேத்கரும் அதை மறைக்கவில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமும் தண்ணீரில் கோடு கிழித்திருந்தார்கள். 1919 ஜூலை 27, சிகாகோ. மிச்சிகன் ஏரியில் மிதவையில் விளையாடிக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் பகுதி என்று சொல்லப்பட்ட தண்ணீருக்குள் மிதந்து போய்விட்டான். கரையிலிருந்து கல் எறிந்தார்கள். மூழ்கி இறந்தான். கல் எறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ் மறுத்தது. தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். தண்ணீரில் கோடு நிற்குமா என்று நாம் கேட்கலாம். நின்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சியில் 26 மைல் நீளக் கடற்கரையை அரசுப் பணத்தில் மணல் கொட்டி உருவாக்கினார்கள். பிறகு கரையோர வெள்ளையர்கள் அது தங்கள் தனிச்சொத்து என்றார்கள். சவுதார் குள வழக்கின் அதே வாதம்! டாக்டர் கில்பர்ட் மேசன் தலைமையில் 1959 முதல் கறுப்பின மக்கள் கடலில் இறங்கும் போராட்டம் நடத்தினார்கள். 1960 ஏப்ரல் 24 அன்று இரும்புக் குழாயும் சங்கிலியும் கொண்டு அவர்களைத் தாக்கினார்கள். நீதிமன்றத் தீர்ப்பால் கடற்கரை திறந்தது 1968இல். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது வெள்ளைக் குழந்தைகளைவிட அதிகமாக இருப்பதற்கு, தலைமுறைகளாக நீச்சல் குளமும் கடற்கரையும் மறுக்கப்பட்டதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தாத்தாவுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டால் பேரனுக்கு நீந்தத் தெரிவதில்லை.

தண்ணீரே புகலிடமான ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். 1913, கொச்சி. புலையர் சமூகத்தினர் கூட்டம் போட எர்ணாகுளத்தில் நிலம் கிடைக்கவில்லை. மன்னரின் மண்ணில் அவர்கள் கூடக் கூடாது. காயலில் வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று கட்டி, அந்த மிதக்கும் மேடையில் மாநாடு நடத்தினார்கள். கிருஷ்ணாதி ஆசான், பண்டிட் கருப்பன், கே.பி. வள்ளோன் ஆகியோரின் பெயர்கள் அந்தக் 'காயல் சம்மேளன'த்தோடு சேர்ந்தவை. மண்ணுக்குச் சொந்தக்காரன் இருந்தான். உப்புக்காற்று வீசும் காயலுக்கு ஒருவனும் பட்டா எழுதி வைத்திருக்கவில்லை. இந்தக் கதையை முதலில் கேட்டபோது நாங்கள் சத்தமாகச் சிரித்துவிட்டோம். எவ்வளவு எளிய, எவ்வளவு துணிச்சலான யோசனை!

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதற்குள்ளும் ஒடுக்கப்பட்டவர் போகலாம் என்றது. மகாத்துக்கு மூன்றாண்டு முன்னால்! இதை நம் பிள்ளைகளில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆனால் இங்கேயும் காகிதம் ஒரு பக்கம், கரை ஒரு பக்கம்தான். 1930, 31இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் விதித்த தடைகளின் பட்டியலை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அதில் தண்ணீரும் வருகிறது: பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது, தலையில் குடத்துக்குச் சும்மாடாக வைக்கோல்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக் கூடாது. துணிச் சும்மாடு தருகிற அந்தச் சின்ன மெத்தென்ற சுகத்தைக்கூடத் தேடிப் பிடித்துத் தடை செய்திருக்கிறார்கள்.

இதில் பெரிய கொடுமை, அந்தத் தண்ணீரைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவர்கள் யார் என்பது. தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாக 39,000 ஏரிகள் இருப்பதாகச் சொல்வார்கள். பல ஊர்களில் மதகைத் திறந்து, மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பாய்ச்சியவர்கள் தலித்துகள். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று இடத்துக்கொரு பெயர். டேவிட் மோஸ் சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைப் பற்றி எழுதிய நூலில் இவர்களை விரிவாகப் பார்க்கலாம். மழை இரவில் கரை உடையாமல் காவல் காப்பது, வரத்துக்கால் தூர்வாருவது எல்லாம் நம் ஆட்களின் வேலை. உழைக்க இறங்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. இன்று சூழலியல் பேசும் கூட்டங்களில் 'நம் முன்னோரின் நீர் மேலாண்மை' என்று பெருமைப்படும்போது, அந்த முன்னோரில் மண்வெட்டி பிடித்தவரின் பெயர் வருவதில்லை.

பழைய கதை என்று சொல்பவர்களுக்கு: 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் நீந்தியதற்காகத் தலித் சிறுவர்களை ஆடையில்லாமல் நிறுத்தி அடித்தார்கள். கோடை விடுமுறை, கிணறு, சிறுவர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. உடலுக்கு வந்த நோய்க்கு மருத்துவமனையில் மருந்து உண்டு. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரும் நினைப்புக்கு எந்த மருந்து?

சென்னையைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் பல தலைமுறையாக இருந்த குடிசைப் பகுதிகளில் தலித் குடும்பங்களே மிகுதி. நகரின் சாக்கடையெல்லாம் ஆற்றில் கலந்தபோது அந்த நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். 2015 வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் அவர்கள். இப்போது ஆற்றை மீட்கிறோம், கரையை அழகாக்குகிறோம், நடைபாதை போடுகிறோம் என்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தென்கோடிச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குக் குடும்பங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆறு நாறியபோது கரை நமக்கு. மணக்கத் தொடங்கினால் கரை நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு. நகரத் திட்டக்காரர்கள் 'நீல வெளி' என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் அங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள், தோழர்களே. உங்களில் சமூகவியலும் சமூகப்பணியும் படிப்பவர்கள் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஊர் ஏரியின் கரையை ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். எந்தப் படிக்கட்டில் யார் இறங்குகிறார்கள், எந்த நேரத்தில், எந்த வயதில் நிறுத்திக்கொண்டார்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சொல்லும் வரைபடமும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

அந்த மாணவியின் ஊருக்குப் பொங்கல் முடிந்து நாங்கள் போனோம். ஏரி முக்கால் வாசி நிறைந்திருந்தது. அவளுடைய ஆயா கூட வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் அந்த ஏரித் தண்ணீரில் வாழ்நாள் முழுக்க நின்றவர். நீந்தத் தெரியுமா என்று கேட்டோம். "எங்க எறங்க வுட்டாங்க நீந்தறதுக்கு?" என்றார். பிறகு, அவர் புருஷன் மதகு திறக்கிறவராம், ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்க விட்டாராம். கல்யாணமான புதுசு. நிலா வெளிச்சம். "இடுப்பு வரைக்கும்தான். நல்லா இருந்திச்சு" என்றார்.

பேத்தி கலங்கல் பக்கம் போகவில்லை. படிக்கட்டுப் பக்கமாக நடந்தாள். மூன்று பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூன்றாவது படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். ஆயா மட்டும் கரை மேலேயே நின்றுகொண்டு, "போதும் வாங்க, போதும் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.